எந்த ‘ஷி லவ்ஸ் யூ’?
ரீமாஸ்டர் தொகுப்புகளின் ஒலித்தரத்தை மதிப்பிடுவது பற்றி

பீட்டில்ஸ் குழு கலைந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பர் 13 அன்று, ‘1’ என்ற பெயரில் அவர்களுடைய தொகுப்பு ஒன்று வெளிவந்தது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 27 பாடல்கள், ஏறத்தாழ 79 நிமிடங்கள், ஒரே குறுந்தகடு. சிவப்பு அட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒற்றை எண். உலகம் முழுக்க 3 கோடிக்கும் மேல் விற்றது. குழு கலைந்த பிறகு பிறந்தவர்களில் மிகப் பலருக்கு பீட்டில்ஸ் அறிமுகமானது இந்தத் தகட்டின் வழியாகத்தான். மூல நாடாக்களிலிருந்து 24 பிட் அளவில் எடுத்து, ‘நோநாய்ஸ்’ என்ற இரைச்சல் நீக்கும் முறையைப் பயன்படுத்தி, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ரீமாஸ்டர் செய்யப்பட்டது என்று கையேடு பெருமையோடு சொன்னது.

இதன் ஒலி எப்படி என்று கேட்டால், தெளிவாக இருக்கிறது, கணீரென்று இருக்கிறது, பழைய பாட்டு என்றே தெரியவில்லை என்பார்கள். அந்தக் கடைசிப் பாராட்டில்தான் எனக்குச் சிக்கல். 1963இல் பதிவான பாட்டு 1963இல் பதிவானது என்றே தெரியாமல் போவது ஒலித்தரத்தின் வெற்றியாகுமா? பெரும்பாலும் ஆகாது என்பதே என் கருத்து. ஒரு ஹிட் பாடலின் ரீமாஸ்டரை மதிப்பிடுவதற்கு முன்னால், நம் கையில் இருப்பது எந்தப் பதிவு, எந்த மிக்ஸ், எந்த நாடாவிலிருந்து எடுத்தது என்பது தெரிந்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் காதுக்கு வேலை. விமர்சனங்களில் பெரும்பாலானவை காதில் தொடங்கிக் காதிலேயே முடிந்துவிடுகின்றன.

பாடல் உருவாகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரல்களும் கருவிகளும் முதலில் தனித்தனித் தடங்களாக நாடாவில் பதிவாகின்றன. அந்தத் தடங்களை அளவாகக் கலந்து ஒரே தடத்திலோ இரண்டு தடங்களிலோ இறக்குவது மிக்ஸ். ஒன்றானால் மோனோ, இரண்டானால் ஸ்டீரியோ. அந்த மிக்ஸ் நாடாவைத் தட்டுக்கோ குறுந்தகட்டுக்கோ தோதாகச் செப்பனிடுவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் செய்கிறவர் மிக்ஸுக்குள் நுழைவதில்லை. பாடகரின் குரலை மட்டும் உயர்த்தவோ டிரம்ஸை மட்டும் பின்னுக்குத் தள்ளவோ அவரால் முடியாது. நாடாவைச் சரியான கருவியில் சரியான வேகத்தில் ஓடவிடுவது, பேஸையும் டிரெபிளையும் சீர்செய்வது, இரைச்சலைக் குறைப்பது, மொத்த ஒலியளவை நிர்ணயிப்பது ஆகியவையே அவர் எல்லை. ரீமிக்ஸ் செய்கிறவரோ தடங்கள் தனித்தனியாக இருந்த முதல் நாடாவுக்கே போய்விடுகிறார். அங்கிருந்து வருவது வேறொரு பொருள். 2015இல் ‘1’ மறுபடி வெளியானபோது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் பாடல்களைப் புதிதாக மிக்ஸ் செய்திருந்தார். அதே சிவப்பு அட்டை, அதே மஞ்சள் எண், அதே 27 பாடல்கள். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உள்ளே இருப்பது வேறு வேறு மிக்ஸ் என்று வாங்குகிறவருக்குத் தோன்ற வழியில்லை.

இப்போது 2000ஆம் ஆண்டின் தகட்டுக்கே வருவோம். பிரிட்டனில் 1969 மே மாதம் வரை பீட்டில்ஸின் தனித்தட்டுகள் எல்லாம் மோனோவில்தான் வந்தன. ஸ்டீரியோவில் வந்த முதல் தனித்தட்டு ‘தி பேலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ’. ‘1’ தொகுப்பில் அது 23ஆவது பாடல். அதற்கு முன்னால் அங்கே முதலிடம் பிடித்த பாடல்களை மக்கள் வாங்கியதும் கேட்டதும் மோனோவில். சின்ன ரேடியோப் பெட்டியிலும் ஒரே ஸ்பீக்கர் கொண்ட ரெக்கார்டு பிளேயரிலும் அந்தப் பாட்டு அறையைப் பிளந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர்களும் மோனோ மிக்ஸில் நேரம் செலவழித்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸ் பெரும்பாலும் பிறகு, குழுவினர் இல்லாத வேளையில், விரைவாகச் செய்யப்பட்டது. ஆனால் ‘1’ தொகுப்பில் பெரும்பாலான பாடல்கள் ஸ்டீரியோ.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? ‘எலினார் ரிக்பி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ நடுவில் ஒலிக்க, பால் மெக்கார்ட்னியின் குரல் சரணங்களில் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஹெட்போனில் கேட்டால் பாடகர் நம் வலது காதுக்குள் குடியேறியது போல் இருக்கும். மோனோவில் அதே குரல் தந்திக் கருவிகளின் வெட்டுகளோடு ஒரே இடத்திலிருந்து மோதி வருகிறது. பாட்டின் கடுமை அந்த மோதலில்தான் இருக்கிறது. ‘ஹெல்ப்!’ பாடலில் வேறுபாடு இன்னும் ஆழம். தனித்தட்டின் மோனோ மிக்ஸில் இருக்கும் ஜான் லெனனின் குரல் ஸ்டீரியோ மிக்ஸில் இருக்கும் குரலே இல்லை. இரண்டும் வெவ்வேறு முறை பாடியவை. ஸ்டீரியோவை எவ்வளவு அழகாக ரீமாஸ்டர் செய்தாலும், 1965இல் முதலிடத்துக்குப் போன அந்தக் குரல் அதிலிருந்து வராது. இதைக் கவனிக்காமல் டிரெபிள் அதிகமா குறைவா என்று விவாதிப்பது வீண்.

‘லவ் மீ டூ’ விஷயத்தில் தொகுத்தவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். 1962 செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசித்த பதிவு ஒன்று. ஒரு வாரம் கழித்து, 11ஆம் தேதி, ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ கலைஞர் டிரம்ஸ் வாசிக்க, ரிங்கோ டாம்பரினோடு நின்ற பதிவு இன்னொன்று. பிரிட்டனில் முதலில் விற்ற தனித்தட்டில் இருந்தது ரிங்கோவின் பதிவு. அதன் மாஸ்டர் நாடா பிற்பாடு இல்லாமல் போனது. குறுந்தகடுகளில் அந்த வடிவம் வரும்போதெல்லாம் பழைய தட்டிலிருந்து எடுத்ததுதான் வருகிறது. ஆனால் பாட்டு பிரிட்டனில் 17ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடம் பிடித்தது 1964இல், அமெரிக்காவில். அங்கே விற்ற தட்டில் இருந்தது ஆண்டி ஒயிட்டின் பதிவு. ஆகவே முதலிடப் பாடல்களின் தொகுப்பில் இடம்பெற வேண்டியது அதுவேதான். டாம்பரின் சத்தம் கேட்டால் ஒயிட், கேட்காவிட்டால் ரிங்கோ; இதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

‘ஷி லவ்ஸ் யூ’வின் கதை இன்னும் விசித்திரம். 1963 ஜூலை 1 அன்று, பிற்பாடு அபே ரோடு என்று பெயர் மாறிய இ.எம்.ஐ. ஸ்டுடியோ அப்போது பயன்படுத்திய இரு தட முறையில் பதிவானது. நான்கு தட நாடா பீட்டில்ஸுக்குக் கிடைத்தது அந்த அக்டோபரில், ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாடலின்போதுதான். ‘ஷி லவ்ஸ் யூ’வின் முதல் நாடாக்கள் பாதுகாக்கப்படவில்லை; எஞ்சியது மோனோ மாஸ்டர் மட்டும். அதுவும் பல துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தது. ஒட்டிய இடங்களில் ஒலியின் நிறம் சட்டென்று மாறுவதை, குறிப்பாக சிம்பல்களின் பளபளப்பு ஒரு வரியில் மங்கி அடுத்த வரியில் திரும்புவதை, கூர்ந்து கேட்கிறவர்கள் உணரலாம். ரீமாஸ்டர் செய்கிறவருக்கு இங்கே ஒரு சோதனை. ஒட்டுகள் தெரியாதபடி பாடல் முழுவதையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவரலாம். அதற்காக நல்ல பகுதிகளையும் கொஞ்சம் மழுங்கடிக்க நேரும். அல்லது உள்ளபடி விட்டுவிடலாம். நான் உள்ளபடி விடுகிறவர் பக்கம். அந்த நாளின் அவசரமும் அந்தக் குழுவின் வேகமும் அந்த ஒட்டுகளோடு சேர்ந்துதான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

2023 நவம்பரில் ‘சிவப்பு’, ‘நீலம்’ என்று அழைக்கப்படும் பீட்டில்ஸின் இரண்டு பழைய தொகுப்புகள் மறுபதிப்பு கண்டபோது இந்தப் பாடல் ஸ்டீரியோவில் வந்தது. கலந்துபோன ஒரே தடத்திலிருந்து குரலையும் கிட்டாரையும் டிரம்ஸையும் கணினி பிரித்தெடுத்துத் தந்தது. தொழில்நுட்பம் என்ற அளவில் அது வியப்புக்குரியது. கேட்கவும் இனிமையாக இருக்கிறது. ஆனால் அதை ஒலித்தர மேம்பாடு என்று மதிப்பிடக் கூடாது. அந்தத் தடங்கள் 1963க்குப் பிறகு உலகில் இல்லாதவை. கணினி கணித்துக் கொடுத்தவை. புதிய படைப்பாக எடுத்துக்கொண்டு, அந்த அளவுகோலால் பாராட்டலாம்.

பழுதுபார்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையிலான கோடு எங்கே என்ற கேள்வி ‘டே டிரிப்பர்’ பாடலில் எழுகிறது. 1965இன் ஸ்டீரியோ நாடாவில், பாட்டின் பின்பாதியில் கிட்டார் ஒலி ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்துபோய் மீள்கிறது. அது கலைஞர்களின் முடிவு இல்லை; நாடாவில் நேர்ந்த கோளாறு. 2000ஆம் ஆண்டின் ‘1’ தொகுப்பில் அந்த இடம் ஒட்டிச் சரிசெய்யப்பட்டது. இதை நான் வரவேற்கிறேன். பாட்டில் யாரும் வைக்க நினைக்காத ஓட்டையை அடைப்பது பழுதுபார்ப்பு. ஆனால் இதே நியாயத்தை நாடாவின் இரைச்சலுக்கும் நீட்டும்போது ஆபத்து தொடங்குகிறது.

அனலாக் நாடாவில் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற ஒலி எப்போதும் இருக்கும். அது பாட்டின் மேல் அதிர்வெண்களோடு அதே உயரத்தில் குடியிருக்கிறது. சிம்பலின் தேய்ந்து மறையும் ஓசை, கிட்டார்த் தந்தியில் விரல் உரசும் சத்தம், பாடகர் வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் கார்வை, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள் எவ்வளவு புத்திசாலியானாலும், அளவு மீறினால் இவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். ‘யெஸ்டர்டே’யில் கிட்டாருக்கும் குரலுக்கும் இடையே உள்ள காற்று குறைந்தால் பாட்டு சுத்தமாக இருக்கும், பாடகர் நின்ற அறை மட்டும் காணாமல் போயிருக்கும். 2009இல் பீட்டில்ஸின் எல்லா ஆல்பங்களும் ரீமாஸ்டர் ஆனபோது அபே ரோடு பொறியாளர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். மொத்தம் 525 நிமிட இசையில் 5 நிமிடத்துக்கும் குறைவான பகுதியில்தான் இரைச்சல் நீக்கத்தைப் பயன்படுத்தியதாக அறிவித்தார்கள். நான்கு ஆண்டு உழைப்பில் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதே அந்தப் பதிப்பின் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது உரப்பு. ஒலித்தரம் பற்றிய தீர்ப்புகளில் மிகப் பெரிய குழப்பத்தை உண்டாக்குவது இதுதான்.

1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் ஒன்றை அளந்து காட்டினார்கள். ஒலியளவு குறைவாக இருக்கும்போது நம் காது பேஸையும் உச்ச டிரெபிளையும் சரியாகக் கேட்பதில்லை. ஒலியளவு கூடக் கூட அவை இரண்டும் எழுந்து வருகின்றன. ஆகவே ஒரே பதிவைச் சற்றே சத்தமாக வைத்தால் போதும், பேஸ் செழிப்பாகவும் மேலே தெளிவாகவும் இருப்பதாகத் தோன்றும். வேறுபாடு ஒரு டெசிபல் அளவுக்கு இருந்தாலும், கேட்பவர் ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று சொல்ல மாட்டார். ‘இது நன்றாக இருக்கிறது’ என்பார். ரீமாஸ்டர் வியாபாரத்தின் பாதி இந்த ஏமாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

குறுந்தகட்டுக்கு 16 பிட். ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி. மெல்லிய முனகலுக்கும் பேரிரைச்சலுக்கும் தாராளமாக இடம் உண்டு. ஆனால் மேலே ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் ஒலியை எழுதவே முடியாது. தாழ்வான கூரை உள்ள அறையில் எல்லாரையும் நாற்காலி மேல் ஏறி நிற்கச் சொன்னால் நெட்டையர்கள் தலையைக் குனிய வேண்டியதுதான். லிமிட்டர் என்ற கருவி செய்வது அதுதான்: மொத்தப் பாட்டையும் உயர்த்தி, உச்சங்களை மட்டும் அமுக்கிவிடும். உச்சத்தில் இருப்பது யார்? டிரம்ஸில் குச்சி படும் முதல் கணம், கிட்டாரில் மீட்டல் விழும் கணம். தாளத்தின் அடி அங்கே இருக்கிறது. அது அமுங்கினால் பாட்டு சத்தமாகவும் தட்டையாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிடும். அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகும். ஏன் என்று தெரியாமலே நிறுத்திவிடுவோம்.

1990களின் நடுவிலிருந்து இது போட்டியாகவே நடந்தது. 1995இல் வந்த ஒயேசிஸ் குழுவின் ‘(வாட்ஸ் த ஸ்டோரி) மார்னிங் குளோரி?’ அந்தப் போட்டியின் மைல்கல்லாகப் பேசப்படுகிறது. 2008இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வெளியானபோது, அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற விளையாட்டில் அமுக்கப்படாமல் இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். விற்ற தகட்டைவிட விளையாட்டில் இருந்த ஒலி மேல் என்று கேட்டவர்கள் சொன்னது அந்தத் துறைக்கே தலைகுனிவு. பழைய பாடல்களின் தொகுப்புகளும் இதிலிருந்து தப்பவில்லை. புதிய பாடல்களுக்குப் பக்கத்தில் பழையவை சோகையாக ஒலிக்கக் கூடாது என்பது வியாபாரிகளின் வாதம். 2000இன் ‘1’ தகடும் 1987இல் வந்த பீட்டில்ஸ் குறுந்தகடுகளைவிடத் தெளிவாகவே சத்தம் கூடியது. 2009 ஸ்டீரியோ பதிப்பில் 3, 4 டெசிபல் அளவுக்கு ஏற்றினார்கள். இன்றைய வழக்கத்துக்கு அது அடக்கம்தான். அதே ஆண்டு மோனோ மிக்ஸ்களோடு தனியாக வந்த பெட்டித் தொகுப்பில் லிமிட்டரைத் தொடவே இல்லை. மோனோ பெட்டியை வாங்குகிறவர் ஒலியளவுக் குமிழை எப்படித் திருகுவது என்று தெரிந்தவர் என அவர்கள் நம்பினார்கள் போலும். அந்த நம்பிக்கை எல்லாக் கேட்பவர்மீதும் இருந்திருக்கலாம்.

ஆகவே இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது முதல் வேலை, சத்தமானதைக் குறைத்து இரண்டையும் சமமாக்குவது. காதால் மட்டும் செய்தால் போதாது. கணினியில் சராசரி உரப்பை அளக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ்.1770 என்ற அளவுமுறையை வகுத்த பிறகு இது எளிதாகிவிட்டது. சமப்படுத்திய பிறகு, எது எந்தப் பதிப்பு என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் முறை இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதிர்ச்சி அடைவார்கள். பளபளவென்று தோன்றிய புதுப் பதிப்பு சுருங்கிப்போகும். சோகையாகத் தோன்றிய பழைய குறுந்தகட்டில் டிரம்ஸ் உயிர்பெற்று எழும். ஒலி ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணாகத் தரும் கருவிகளும் உண்டு. அவை பயனுள்ளவை, ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவதை நான் ஏற்பதில்லை. நாலாம் தலைமுறை நகல் நாடாவிலிருந்து எடுத்த மங்கிய பதிப்பும் நல்ல எண் வாங்கும்.

அந்த நகல் நாடா விவகாரம் 1980களின் குறுந்தகடுகள் பலவற்றைக் கெடுத்தது. தட்டு வெட்டும்போது பேஸ் மிகுந்தால் ஊசி பள்ளத்திலிருந்து துள்ளிவிடும். 1966இல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாடலுக்கு மெக்கார்ட்னி கேட்ட கனமான பேஸைத் தட்டில் ஏற்ற, இ.எம்.ஐ. தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியையே பயன்படுத்த வேண்டியிருந்தது. இந்த அச்சத்தால் பேஸைக் குறைத்து, உச்சங்களை அடக்கி, தட்டுக்கென்றே தயாரித்த நகல் நாடாக்களை நிறுவனங்கள் அலமாரியில் வைத்திருந்தன. குறுந்தகடு வந்ததும் அவசரத்தில் கைக்குக் கிடைத்த அந்த நகல்களையே அச்சுக்கு அனுப்பினார்கள். குறுந்தகடு என்றாலே வறண்ட ஒலி என்ற கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பங்கு உண்டு. பிரிட்டனின் ஏஸ், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி, அமெரிக்காவின் ரைனோ போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்கள் மதிப்புப் பெற்றது முதல் தலைமுறை நாடாவைத் தேடி அலைந்ததால்தான். அந்தத் தேடலும் முடிவில்லாதது இல்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீ, மாஸ்டர் நாடாக்கள் வைத்திருந்த கிடங்கை எரித்தது. இழப்பு எவ்வளவு என்பதில் 2019இல் வந்த பத்திரிகைச் செய்திக்கும் நிறுவனத்துக்கும் இடையே வாக்குவாதம் நடந்தது. எரிந்த நாடாவுக்கு ரீமாஸ்டர் கிடையாது. அதற்கு முன்னால் எடுத்த நகல் எதுவோ அதுவே இனி மூலம்.

நாடா நல்லதாக இருந்தும் பாட்டு மங்கலாக ஒலிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ‘ஹே ஜூட்’ 1968இல் டிரைடன்ட் ஸ்டுடியோவில், அங்கிருந்த எட்டு தடக் கருவியில் பதிவானது. நாடாவை இ.எம்.ஐ.க்குக் கொண்டுவந்து ஓட்டியபோது டிரெபிளே இல்லை. கருவிகளுக்கிடையே அளவு ஒத்துப்போகவில்லை. முடிந்தவரை ஏற்றிச் சமாளித்தார்கள். இந்தப் பாட்டு சற்றே மூடியது போல் ஒலிப்பது பதிவோடு பிறந்த குணம். இதை அறியாத விமர்சகர் ‘இந்த ரீமாஸ்டரில் தெளிவு போதாது’ என்று எழுதிவிடுவார். அறியாத பொறியாளர் டிரெபிளைத் தூக்கி மெக்கார்ட்னியின் குரலைக் கூசவைத்துவிடுவார்.

பீட்டில்ஸை விட்டு வெளியே வந்தால் கேள்வி இன்னும் கடுமையாகிறது. கிங்ஸ்மென் குழுவின் ‘லூயி லூயி’ 1963 ஏப்ரலில் போர்ட்லாந்து நகரில் பதிவானது. பாடகர் ஜாக் ஈலி தலைக்கு மேலே உயரத்தில் தொங்கிய மைக்கைப் பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. சொற்கள் புரியவில்லை, ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்.பி.ஐ. விசாரணையே நடந்தது. கிட்டார் தனி வாசிப்புக்குப் பிறகு பாடகர் முன்கூட்டியே தொடங்கிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்வதும் அப்படியே இருக்கிறது. எந்த ஸ்டுடியோப் பாடநூலின்படியும் இது மோசமான பதிவு. ஆனால் ராக் இசையின் போக்கையே தீர்மானித்த தட்டுகளில் ஒன்று. இதைத் துலக்கிச் சொற்களைப் புரியவைக்கும் ரீமாஸ்டர் ஒன்று வந்தால் அது அந்தப் பாட்டுக்குச் செய்யும் அநியாயம்.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் இதை மறுமுனையிலிருந்து புரிந்துவைத்திருந்தது. பாட்டு காரில் ஓடும்போது எப்படி ஒலிக்கும் என்பதைப் பார்க்க, சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டே மிக்ஸை முடிவு செய்தார்கள். டாம்பரினும் கைதட்டலும் அந்த மோனோ மிக்ஸ்களில் முகத்தில் அறைவது போல் வருவதற்கு அதுவே காரணம். ஆனால் பல்லாண்டுகளாக வந்த மோட்டவுன் தொகுப்புகள் ஆல்பங்களுக்காகச் செய்த ஸ்டீரியோ மிக்ஸ்களையே திரும்பத் திரும்பப் போட்டன. 2005இல் தொடங்கி 14 பெட்டிகளாக வந்த ‘தி கம்ப்ளீட் மோட்டவுன் சிங்கிள்ஸ்’ 1959 முதல் 1972 வரையான தனித்தட்டுகளை அவற்றின் சொந்த மிக்ஸிலேயே தந்தபோதுதான் பலருக்கு உண்மையான மோட்டவுன் கிடைத்தது. ஃபில் ஸ்பெக்டர் 1991இல் தன் பாடல்களின் பெட்டிக்கு ‘பேக் டு மோனோ’ என்றே பெயர் வைத்தார். ‘பி மை பேபி’யைக் கேட்டவருக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

சில தொகுப்புகளில் பதிவே வேறாக இருக்கும். எவர்லி சகோதரர்கள் கேடன்ஸ் நிறுவனத்திலிருந்து வார்னருக்கு மாறிய பிறகு, 1964இல் தங்கள் பழைய ஹிட் பாடல்களை மறுபடி பாடிப் பதிவுசெய்தார்கள். ராய் ஆர்பிசனின் ‘இன் ட்ரீம்ஸ்: தி கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ 1987இல் வந்தபோது அதில் இருந்தவை 1980களின் மறுபதிவுகள். ஒலி அப்பழுக்கற்றது. ஆனால் 1960களில் அழவைத்த பாட்டு அதில் இல்லை. ஸ்வீடனின் ஆபா குழுவின் ‘ஆபா கோல்டு’ 1992இல் வந்தபோது ‘தி நேம் ஆஃப் த கேம்’ பாடலைக் குறுக்கிப் போட்டிருந்தார்கள். பின்னர் வந்த பதிப்பில்தான் முழுப் பாடலும் திரும்பியது. ஒரே அட்டையோடு அந்தத் தகடு பலமுறை புதிதாக மாஸ்டர் செய்யப்பட்டு விற்றிருக்கிறது. ‘ஆபா கோல்டின் ஒலி நன்றாக இருக்கும்’ என்று நண்பர் சொன்னால், எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இத்தனைக்கும் நடுவே நான் சொல்லிவந்த அளவுகோலுக்கே ஒரு சங்கடம் உண்டு. ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலை அமெரிக்காவில் வெளியிட்டபோது கேபிட்டல் நிறுவனம் அதன்மேல் தன் பங்குக்குக் கனத்த எதிரொலியைப் பூசியது. ‘பீட்டில்ஸ் ’65’ ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில், ஒரே தடத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ‘டியுவோஃபோனிக்’ என்ற போலி ஸ்டீரியோ வேறு. அமெரிக்கப் பிள்ளைகள் அன்று காதலித்தது அந்தப் பூச்சைத்தான். ‘மக்கள் கேட்டதுதான் மூலம்’ என்றால் அதுவும் மூலம்தானே? இங்கே நான் லண்டனில் பாட்டைச் செய்தவர்கள் பக்கம் நிற்கிறேன். தயாரிப்பாளரும் கலைஞர்களும் கேட்டு ஒப்புக்கொண்ட மிக்ஸ் எதுவோ அதுவே அளவுகோல். இடையில் ஒரு விற்பனை அதிகாரி சேர்த்தது அப்படியாகாது. ஆனாலும் 2004இல் அந்த அமெரிக்க வடிவங்களைத் தனிப் பெட்டியாக, இன்னதென்று சொல்லியே வெளியிட்டது நல்ல காரியம். வரலாற்றுக்கு அதுவும் வேண்டும்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. நாடா ஓடிய வேகம் சற்றே மாறினாலும் சுருதி மாறிவிடும். ‘ஷி’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும், ஸ்டீரியோவில் மெதுவாகவும் இருப்பதற்குக் காரணம், மோனோ மிக்ஸின் வேகத்தை வேண்டுமென்றே ஏற்றியது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதல் பக்கம் கருவிக் கோளாறால் சுருதி ஏறியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றது, 1990களின் பதிப்புகளில்தான் சரியானது. கையில் தம்பூராப் பெட்டியோ கிட்டாரோ இருந்தால் இதைச் சோதிப்பது எளிது.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு பாடலுக்கும் கீழே எந்த நாடா, எந்த மிக்ஸ், மோனோவா ஸ்டீரியோவா, யார் எந்த ஆண்டில் மாஸ்டர் செய்தது, லிமிட்டர் பயன்படுத்தினார்களா என்று ஒரு வரி அச்சிடட்டும். 24 பிட் என்ற விளம்பரத்தைவிட அந்த ஒரு வரிதான் வாங்குகிறவருக்கு உதவும். அது வரும்வரை, சந்தேகம் வந்தால் ஒலியளவைச் சமப்படுத்தி, டிரம்ஸின் முதல் அடியையும் பாட்டு தேய்ந்து மறையும் கடைசி நொடிகளையும் கேளுங்கள். பதிப்பின் குணம் அந்த இரண்டு இடங்களில் வெளிப்பட்டுவிடும்.

‘1’ பற்றி என் முடிவு இது. 2000ஆம் ஆண்டின் தகடு அக்கறையோடு செய்தது. சத்தமும் துடைப்பும் தேவைக்கு மேல். 2015ஆம் ஆண்டின் தகடு நல்ல ரீமிக்ஸ். பழைய ஹிட் பாடல்களின் மூலமாக அதைக் கொள்ள முடியாது. 1968 வரையான பாடல்களுக்கு 2009 மோனோ பெட்டியும், அதிலுள்ள ‘மோனோ மாஸ்டர்ஸ்’ என்ற இரட்டைத் தகடும்தான் இன்றைக்குக் குறுந்தகட்டில் கிடைக்கும் மிகச் சரியான ஒலி.